மேடை ஏறாத பேட்ச்

எங்கள் டைரக்டர் மேடத்தை நினைக்கும்போதெல்லாம், அவர் வேலையில் சேர்ந்த முதல் நாள் தொலைபேசியில் யாரிடமோ கேட்ட கேள்விதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். "உங்க காலத்துல ஞாயித்துக்கிழமை மெஸ்ஸுல கோழி போட்டாங்களா சார், இல்ல முட்டையோட முடிச்சுக்கினாங்களா?" எதிர்முனையில் இருந்தவர் வேலூர்க்காரர், எங்களிடம் படித்து ஹைதராபாதில் பெரிய இதய நிபுணராக இருப்பவர். அவரிடமிருந்து நன்கொடை வாங்க எங்கள் பல்கலைக்கழகம் பளபளக்கும் தாளில் எத்தனையோ வேண்டுகோள்களை அச்சடித்து அனுப்பி, ஒரு பதிலும் வராமல் ஓய்ந்துபோயிருந்தது. அப்படிப்பட்டவர் அன்று மெஸ் சமையல்காரரைப் பற்றியும், சாம்பாரைக் குடித்துவிட்டு ஏறிப்போன திருமலைப் படிகளைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார். மேடம் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பணம் என்ற சொல் அந்தப் பேச்சில் வரவேயில்லை. எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த நான், இந்த ஆபீஸ் ஒரு வருடம் தாங்காது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

திருப்பதியில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில் மருத்துவம், செவிலியர் படிப்பு, பிசியோதெரபி, லேப் படிப்பு எல்லாம் சேர்ந்து ஒரே புலமாக இயங்குகின்றன. அங்கே படித்துப் போனவர்களோடு உறவு வைத்துக்கொள்வதற்கும், அவர்களிடமிருந்து நிதி திரட்டுவதற்கும் ஒரு அலுவலகம் திறந்தார்கள். உடற்கூறியல் துறைக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் ஃபார்மலின் நெடி வரும், மூடினால் புழுங்கும். தேர்வுப் பிரிவில் நெடுநாள் இருந்த என்னை அங்கே சூப்பரிண்டெண்டாக மாற்றினார்கள். "புண்யம் பண்ணினவங்களுக்குத்தான் இந்த மாதிரி போஸ்டிங்" என்று பழைய சகாக்கள் கிண்டல் செய்தார்கள். மேடம் என்னைவிட வயதில் நன்றாக இளையவர். மற்றவர்கள் முன்னால் என்னை "சார்" என்பார். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது "அண்ணா" ஆகிவிடுவேன். நான் சித்தூருக்கு அப்பால் எல்லையோரத்துத் தமிழ்க் கிராமத்தான். அவர் சித்தூர் டவுன், பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். நாள் முழுக்கத் தெலுங்கில் ஓடும் அலுவலகத்தில் எங்கள் அறை மட்டும் தமிழில் பேசும்.

இந்த வேலையை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். பெங்களூரில் எங்கோ படித்ததைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர், விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவரும் சபையின் அறுப்பின் பண்டிகையைப் பற்றிச் சொன்னார். அன்று ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் ஏலம் நடக்கும். யார் வீட்டுக் கொல்லையிலோ காய்த்த பூசணிக்காய், ஒரு சேவல், ஒரு தார் வாழை. சந்தையில் அவற்றுக்கு என்ன விலையென்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் போட்டி போட்டுக்கொண்டு பல மடங்கு உயர்த்திக் கேட்பார்களாம். "பூசணிக்காய்க்கா அண்ணா அவ்ளோ குடுக்கறாங்க? ஏலம் விடறவரு மைக்குல, இது இன்னார் வீட்டுக் காய், எடுத்தது இன்னார்னு பேரைச் சொல்றாரே, அதுக்குத்தான். நாம இங்கத்து ஆளுன்னு வருஷத்துல ஒரு நாளாவது எல்லாருக்கும் கேக்கணும் இல்ல." சிறுமியாக இருந்தபோது ஏலத்துக்கு வரும் சேவலைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவர் வேலையாம். சேவல் கையைக் கொத்தும், ஆனாலும் விடமாட்டேன் என்று சிரித்தார்.

அந்த வருடம் எங்களுக்கு இடப்பட்ட வேலை, செவிலியர் மாணவிகளுக்கு ஒரு புதிய விடுதி. பழைய விடுதியைப் பார்த்தவர்கள் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கோடை பிறந்துவிட்டால் மேல் மாடிக் குழாய்களில் காற்று மட்டும்தான் வரும். காலையில் டேங்கர் லாரி வந்து நின்றதும், இஸ்திரி போட்ட யூனிஃபார்மைப் படியில் வைத்துவிட்டு, நைட்டியோடு வாளியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஓடிவருவார்கள். வார்டு டியூட்டிக்குத் தாமதமானால் திட்டும் அவர்களுக்குத்தான். அடுத்த பட்டமளிப்பு விழாவுக்குள் நிதி சேராவிட்டால் எங்கள் அலுவலகத்தை மக்கள் தொடர்புத் துறையோடு சேர்த்துவிடுவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. அப்படி நடந்தால் மேடத்துக்கு வேலை இல்லை, விடுதியும் இல்லை.

மேடம் ஒவ்வொரு பேட்ச்சாகக் கூப்பிட்டுப் பேசத் தொடங்கினார். டாக்டர்களை மட்டுமே முன்னாள் மாணவர்களாக நினைத்துப் பழகியிருந்த எங்களுக்கு அவர் செவிலியர்களையும் லேப் டெக்னீஷியன்களையும் தேடித் தேடிக் கூப்பிட்டது புதுமையாக இருந்தது. அவர்களும் ஆசையாகப் பேசினார்கள். ஒரே ஒரு பேட்ச் மட்டும் பேச மறுத்தது. ஏறக்குறைய முப்பது வருடங்களுக்கு முன் செவிலியர் பட்டம் முடித்துப் போன பெண்கள் அவர்கள். கல்லூரிப் பெயரைச் சொன்னதும் சிலர் பேச்சில்லாமல் வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் இருந்த ஒருவர் மிக மரியாதையாக, தனக்கும் அந்தக் கல்லூரிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று தெலுங்கில் சொன்னார். வேலூரில் இருந்த ஒருவர்தான் கடைசியில் இரக்கப்பட்டார். "எங்களுக்கெல்லாம் ஒரு லீடர் கீது. பங்காருபாளையத்துல மாந்தோப்பு வெச்சிக்கினு இருக்குது. போய் அதைக் கேளுங்க. அது சரின்னா நாங்களும் சரி."

நாங்கள் போனது மாங்காய்க் காலம். சித்தூரைத் தாண்டியதும் சாலையோரம் முழுக்க மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. தோப்பில் நாங்கள் பார்த்த அக்கா உயரமானவர், நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார். மரத்தடியில் குவித்திருந்த தோத்தாபுரி மாங்காய்களில் அடிபட்டதை ஒதுக்கும்படி ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் இன்னும் வார்டு இருந்தது, சத்தமே போடாமல் கடைசிக் கட்டில் வரை கேட்கும் குரல். மஸ்கட்டில் வருடக்கணக்காக நர்ஸாக வேலை செய்துவிட்டுத் திரும்பி, தன் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு வேலை செய்த அதே தோப்பை விலைக்கு வாங்கியிருந்தார். அதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. எதிர்வீட்டைக் காட்டுவதுபோல் கையைக் காட்டி, "நைனா தண்ணி கட்டினது இந்தப் பக்கம்" என்றார்.

"துட்டு கேக்க வந்தீங்களா?"

"இல்லக்கா" என்றார் மேடம். "உங்க பேட்ச்ல ஒருத்தருமே எங்ககிட்ட பேசமாட்டேங்கறாங்க. இன்னாத்துக்குன்னு கேட்டுக்கினு போலாம்னு வந்தோம்."

அக்கா ஆட்களை அனுப்பிவிட்டுத் திரும்பினார். "மொதல்ல துன்னுங்க. வெறும் வயித்துல கேக்கற விஷயம் இல்ல இது."

களியும் கோழிக்குழம்பும் சாப்பிட்ட பிறகு சொன்னார். அவர்களுடைய கடைசி வருடத்தில் விடுதியில் தண்ணீர் அடியோடு நின்றுபோனது. மனு மேல் மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் காலை பேட்ச் மொத்தமும் காலி வாளிகளோடு போய் நிர்வாகக் கட்டிடத்தின் படிகளில் உட்கார்ந்துவிட்டது. முன்னால் உட்கார்ந்தவர் அக்கா. தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அந்த வருடப் பட்டமளிப்பு விழாவில், ஒழுங்கீனம் என்று காரணம் சொல்லி அந்த ஒரு பேட்ச்சை மட்டும் நீக்கிவிட்டார்கள். பட்டத்தை கவுண்டரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி விழாவுக்கு முதல் நாள் மாலை விடுதியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வீட்டில் போன் இல்லாத காலம். ஊருக்குச் சொல்லியனுப்ப வழியில்லை.

"நைனா வெள்ளைச் சட்டை தெச்சு வெச்சிருந்தாரு. மொத பஸ்ஸைப் புடிச்சு வந்துட்டாரு. கேட்டுல இருந்தவன் உன் பேரு இதுல இல்ல, போன்னுட்டான். உள்ள மைக் சத்தம் கேக்குது, பேரெல்லாம் கூப்பிடறாங்க. சாயங்காலம் வரைக்கும் அங்கயே நின்னுக்கினு இருந்துட்டுத் திரும்பிப் போயிட்டாரு. நான் ஆஸ்டல் ரூம்ல அழுதுக்கினு கெடக்கறேன். அவரு வந்ததே எனக்கு அப்புறம்தான் தெரியும்." அக்கா ஒரு மாங்காயை எடுத்துத் துடைத்து, பார்த்து, திரும்ப வைத்தார். "எனக்கு விழாவே நடக்கலன்னு எத்தினியோ தபா சொன்னேன். நம்பல. நீ மேடை ஏறுன, நம்ம மாதிரி ஆளுன்னு என்னைத்தான் உள்ள விடல, அதைச் சொன்னா நான் வருத்தப்படுவேன்னு மறைக்கறன்னாரு. சாகற வரைக்கும் அதேதான் சொல்லிக்கினு இருந்தாரு."

மேடம் ஆறுதல் சொல்ல முயலவில்லை. கிளம்பும்போது அக்காவே சொன்னார். "பொண்ணுங்களுக்கு ஆஸ்டல்னா நான் வேணான்னு சொல்லுவனா? ஆனா அந்த மேடையில எங்க பேரைக் கூப்பிடுங்க. தப்பு எங்க மேல இல்லன்னு சொல்லுங்க. அப்புறம் வந்து பேசுங்க." திரும்பும் பஸ்ஸில் சித்தூர் வரும்வரை மேடம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "நடத்திரலாம் அண்ணா" என்றார். டீ குடிக்கலாமா என்று கேட்பதுபோலத்தான் சொன்னார்.

எளிதாக நடக்கவில்லை. நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு நானும் உடன் போயிருந்தேன். பேச்செல்லாம் தெலுங்கில். ரிஜிஸ்ட்ரார் எடுத்த எடுப்பிலேயே மறுத்தார். முப்பது வருடத்துக்கு முந்தைய நிர்வாகம் எடுத்த முடிவுக்கு இன்று எப்படி மன்னிப்புக் கேட்பது, இதைச் செய்தால் நாளைக்கு மனக்குறை இருக்கும் ஒவ்வொரு பேட்ச்சும் வந்து நிற்குமே என்றார். மேடம், "வரட்டும் சார், அவங்க வரணும்னுதானே இந்த ஆபீஸைத் தொறந்தீங்க" என்றார். ஒருவர் சிரித்துவிட்டார். இன்னொருவர், இதையெல்லாம் செய்தபின் அவர்கள் ஒன்றுமே தராமல் போனால் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் மேடத்தின் வேலையும் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

மேடம் எழுந்து நின்றார். "தரலன்னா தர வேணாம் சார். பட்டம் அவங்க படிச்சு வாங்கினது, நாம விக்கறது இல்ல. ஒண்ணே ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இந்த வருஷம் நாம எதுக்காக ஊர் ஊரா கை நீட்டிக்கிட்டு இருக்கோமோ, அதையேதான் அந்தப் பொண்ணுங்க அன்னைக்குக் கேட்டாங்க. அவங்க கேட்டது ஒழுங்கீனம்னா, இப்ப நான் பண்றதுக்குப் பேரு இன்னா?" தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தவர் கடைசிச் சொல்லை மட்டும் தன்னை அறியாமல் எங்கள் ஊர்த் தமிழில் சொல்லிவிட்டார். எல்லோருக்கும் புரிந்தது.

அதுவரை வாய் திறக்காமல் இருந்த டீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவரும் எங்களிடம் படித்தவர்தான். "நான் அப்ப ஹவுஸ் சர்ஜன்" என்றார் மெதுவாக. "மாடி ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தப் பொண்ணுங்க கேக்கறது நியாயம்னு அங்க நின்ன எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் கீழ எறங்கிப் போகல." பிறகு ரிஜிஸ்ட்ராரைப் பார்த்து, "பெட்டண்டி" என்றார். நடத்துங்கள் என்று பொருள். கூட்டம் அதோடு முடிந்தது.

வருடாந்திரப் பட்டமளிப்புக்குப் பல மாதம் முன்பே, அந்த பேட்ச்சுக்கென்று தனியாக ஒரு விழா என்று முடிவானது. அதற்கு முந்தைய வாரங்களில் மேடம் எங்களைத் தூங்கவிடாமல் வேலை வாங்கினார் என்று சொல்லமாட்டேன். நாங்களாகவே வேலை செய்தோம். இருபத்தோரு வயதுப் பெண்களுக்குத் தைத்த அங்கிகள் ஐம்பதைக் கடந்தவர்களுக்குப் போதாது என்று புதிதாகத் தைக்கக் கொடுத்தோம். இறந்துபோனவர்களின் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்தோம். மஸ்கட்டிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் டிக்கெட் போட்டுவிட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம் மேடம் மேசையை ஒரு தட்டுத் தட்டுவார். அந்த ஓசைக்கு உடற்கூறியல் துறை அட்டெண்டர் வந்து எட்டிப்பார்ப்பார்.

அன்று காலை வாசல் கேட்டின் இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. வருகிறவர்களிடம் அழைப்பிதழ் கேட்கக்கூடாது, வணக்கம் மட்டும் சொல்லவேண்டும் என்று வாட்ச்மேன்களுக்கு மேடம் சொல்லியிருந்தார். கார்களிலும் ஆட்டோக்களிலும் அக்காக்கள் வந்து இறங்கினார்கள். ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் ஒரு நொடி நின்று பார்த்து, பிறகு கல்லூரிக்காலப் பட்டப்பெயர் சொல்லிக் கட்டிக்கொண்டார்கள். முழங்கால் வலியால் படியேற முடியாத ஒருவரை இரண்டு பேர் இருபுறமும் தாங்கி, நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும் அதே கைப்பக்குவத்தில் மேலே கொண்டுவந்தார்கள். பங்காருபாளையத்திலிருந்து ஒரு மினி பஸ் வந்தது. அக்காவின் காலனியில் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம். அரங்கில் பின்வரிசைகள்தான் காலியாக இருந்ததால் அங்கே போய் உட்கார்ந்தார்கள்.

டீன் தாள் எதுவும் இல்லாமல் பேசினார். நீங்கள் கேட்டது சரி, நாங்கள் செய்தது தவறு, இந்த நிறுவனத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்றார். அவ்வளவுதான். கைகூப்பிவிட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு மேடம் மைக்கை என் கையில் கொடுத்தார். தேர்வுப் பிரிவில் இருந்த காலத்தில் பட்டமளிப்பு விழாக்களில் பெயர் வாசித்துப் பழக்கப்பட்டவன் நான். ஆனாலும் அன்று பட்டியலில் விரலை வைத்துக்கொண்டே வாசித்தேன். அன்று கவுண்டரில் வாங்கிய பட்டத்தின் புதுப் பிரதியை வாங்க ஒவ்வொருவராக மேடை ஏறினார்கள். இறந்தவர்களின் பெயர்களையும் கூப்பிட்டோம், அவர்களுடைய பிள்ளைகள் வந்து வாங்கினார்கள்.

அக்காவின் முறை வந்ததும் மேடம் என் காதருகே குனிந்தார். "இனிஷியல் வேணாம் அண்ணா. அவங்க நைனா பேரை முழுசா சொல்லிட்டு அப்புறம் சொல்லுங்க." அப்படியே சொன்னேன். அந்த மனிதரின் பெயர் ஒலிபெருக்கியில் கேட்டதும், பின்வரிசைகளில் இருந்த பங்காருபாளையத்துக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. முதலில் ஒரு கிழவர், பிறகு பக்கத்திலிருந்த பெண்கள், பிறகு எல்லோரும். மேடைப் படியில் கால் வைத்த அக்கா திரும்பிப் பார்த்தார். வார்டில் எத்தனையோ மரணங்களைப் பார்த்த அந்த முகம் அப்போது எப்படி மாறியது என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை. மேலே ஏறிப் பட்டத்தை வாங்கினார். இறங்கவில்லை. பேட்ச்சில் மற்ற எல்லோரும் வாங்கி முடியும்வரை மேடையிலேயே ஓரமாக நின்று ஒவ்வொருவருக்காகவும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

விழாவில் நன்கொடை பற்றி மேடம் ஒரு வார்த்தை பேசவில்லை, எங்களையும் பேசவிடவில்லை. மறுநாள் காலை அக்காவே போன் செய்தார். "ஆஸ்டல் பிளானைக் காட்டுங்க. தண்ணி லைன் எங்க வருதுன்னு நான் பாக்கணும்" என்றார். அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் நடத்தினோம் என்று சொல்லமுடியாது. அந்த பேட்ச் தங்களிடமிருந்ததைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. உலகத்தில் அவர்கள் வேலை பார்த்த ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் தெரிந்தவர்களைக் கூப்பிட்டார்கள். பயிற்சிக் காலத்தில் ஊசி போடத் தெரியாமல் கை நடுங்கி நின்ற எந்த டாக்டருக்கு எந்த சிஸ்டர் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார் என்பது அவர்களுக்கு மறக்கவில்லை. டாக்டர்களுக்கும் மறந்திருக்கவில்லை. வேலூர்க்கார இதய நிபுணர் மேடத்தைத் தானே கூப்பிட்டு, "எங்க சிஸ்டர் ஆர்டர் போட்டுட்டாங்க, என்னால மீற முடியாது" என்றார். கெடு முடிவதற்கு வெகு முன்பே விடுதிக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது. சேர்ந்தபின்னும் வந்துகொண்டிருந்தது. எங்கள் அலுவலகத்தை மூடும் பேச்சை அதற்குப் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை.

விடுதி இன்று மலையைப் பார்த்தபடி நிற்கிறது. எல்லா மாடியிலும் தண்ணீர் வருகிறது. கட்டி முடித்தபோது அந்த பேட்ச்சின் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கிறோம் என்று நிர்வாகம் முன்வந்தது. அக்காக்கள் கூடிப் பேசி அது வேண்டாம் என்றார்கள். அதற்குப் பதிலாக ஒன்று கேட்டார்கள். இனி எந்தப் பட்டமளிப்பு விழாவானாலும் முதல் இரண்டு வரிசை பெற்றோருக்கு, வேறு யாருக்கும் இல்லை. ரிஜிஸ்ட்ரார்தான் அதை விதியாக எழுதினார். மறுத்தவரும் அவர்தான் என்பதால் மேடம் அவருக்குத் திருப்பதி லட்டு ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தார்.

மேடம் இப்போது பல்கலைக்கழகம் முழுமைக்கும் டைரக்டர். முதன்மைக் கட்டிடத்தில் நல்ல அறை. ஃபார்மலின் நெடி இல்லாமல் தனக்கு யோசிக்க வரவில்லை என்று என்னிடம் குறைபட்டுக்கொள்வார். இந்த வருடப் பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு பெரிய அரசியல் பிரமுகர் வந்திருந்தார். அவருடைய உதவியாளர் வேகமாக முன்னால் வந்து, சாருக்கு இடம் எங்கே என்று தெலுங்கில் கேட்டார். "மூணாவது வரிசை" என்றார் மேடம். அவர் நம்பாமல் முதல் வரிசையைப் பார்த்தார். அங்கே பலமனேர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி, அவருடைய பார்வை பட்டதுமே தப்பாக உட்கார்ந்துவிட்டோம் என்று பயந்து எழுந்துகொண்டிருந்தார்கள். மேடம் போய் அந்த அம்மாவின் தோளில் கைவைத்தார்.

"நீங்க உக்காருங்க. இது உங்க எடம்."

உதவியாளர் மூன்றாவது வரிசைக்குப் போனார். அந்த அம்மா உட்கார்ந்தார். ஆனாலும் மனம் கேட்காமல் மேடத்தை நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்குச் சீட்டு இல்லியாம்மா?" என்றார்.

"என் வேலையே நின்னுக்கினு பாக்கறதுதாங்க" என்றார் மேடம். சுவரோரம் போய்க் கைகட்டி நின்றுகொண்டார். மேடையில் முதல் பெயரைக் கூப்பிட்டார்கள்.